மண்ணறிந்து பயிர் செய்வோம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் அறிவியல் பாட ஆசிரியை ஆற்றிய உரை)

 

பரிசு கொடுக்கும் நாளில் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று தலைமையாசிரியர் என்னைக் கேட்டார். மண்ணைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் இந்த மண்ணால் எனக்கு ஒரு தோல்வி ஏற்பட்டது. அந்தத் தோல்வியில் நான் கற்றுக்கொண்டதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

நான் இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த முதலாண்டில் நடந்தது இது. நான் பிறந்து வளர்ந்தது குளுவாங் பக்கத்தில் ஒரு செம்மண் தோட்டம். அப்பா பால்மரம் வெட்டியவர். வீட்டு வாசலில் வெண்டை, கத்திரி, பயித்தங்காய் எல்லாம் அம்மா போடுவார்கள். அதனால் தோட்டம் போடுவது நமக்குத் தெரிந்த வேலைதானே என்ற நினைப்பு எனக்கு. பள்ளிக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தைப் பார்த்தேன். மண் கன்னங்கரேலென்று, கையில் எடுத்தால் பஞ்சு மாதிரிப் பொசபொசவென்று இருந்தது. இவ்வளவு கறுத்த மண் கொழுத்த மண்ணாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். நான்காம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒன்றரை அடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டினோம். பள்ளி விடுமுறை இரண்டு வாரமும் அதை வெயிலில் நன்றாகக் காய விட்டோம். பிறகு பாத்தி கட்டி விதை போட்டோம்.

என்ன நடந்தது தெரியுமா? தண்ணீர் ஊற்றினால் மண்ணுக்குள் இறங்கவில்லை. சேம்பிலையில் விழுந்த நீர் போல முத்து முத்தாக உருண்டு ஓடியது. முளைத்தது கொஞ்சம். முளைத்ததும் மஞ்சளாகி, மூன்றாவது வாரத்தில் இலை ஓரம் தீய்ந்து போயிற்று. எல்லாப் பிள்ளைகளும் சுற்றி நிற்கும்போது, "இது உதவாத மண்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் காலையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். வகுப்பில் கடைசி வரிசைப் பையன். பேசவே மாட்டான். அன்றைக்குப் பேசினான்.

"டீச்சர், எங்க பாட்டி கேக்கச் சொன்னாங்க. மண்ணை ஏன் டீச்சர் காய வச்சீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பயிற்சிக் கல்லூரியில் மணல், களிமண், தோட்டமண் என்று படித்துச் சான்றிதழ் வாங்கியவள் நான். பள்ளிக்கூடமே போகாத ஒரு பாட்டியம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இந்த உரை.

மாணவச் செல்வங்களே, முதலில் மண் என்றால் என்ன என்று பார்ப்போம். பாறையானது வெயிலிலும் மழையிலும் மர வேரிலும் பட்டு, பல்லாயிரம் ஆண்டுகளாக நொறுங்கித் துகளாகிறது. அதனோடு இலை தழை மக்கிச் சேர்கிறது. இடையில் உள்ள துளைகளில் நீரும் காற்றும் தங்குகின்றன. நல்ல தோட்ட மண்ணை நூறு பங்காகப் பிரித்தால், ஏறக்குறைய 45 பங்கு கனிமத் துகள். 25 பங்கு நீர். 25 பங்கு காற்று. மீதி 5 பங்குதான் மக்கு. இதைக் கணக்குப் பாடம் போல மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

துகளின் பருமனை வைத்து மண்ணைப் பிரிப்பார்கள். மணல் துகள் 2 மில்லிமீட்டர் வரை இருக்கும், கண்ணுக்குத் தெரியும். களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது, கண்ணுக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் வண்டல் துகள். வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரு பிடி மண்ணை ஈரமாக்கி உள்ளங்கையில் உருட்டுங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் மணல். வழவழவென்று நாடா போல நீண்டால் களி. உருண்டை பிடித்து, விரலால் அழுத்தினால் உடைந்தால் அதுதான் எல்லாம் கலந்த மண். தமிழ்நாட்டு விவசாயிகள் இதை இருவாட்டி மண் என்பார்கள். காய்கறிக்கு இதற்கு நிகர் கிடையாது.

மணலில் தண்ணீர் நிற்காது. கிளந்தான், திரெங்கானு கடலோரத்தில் பிரிஸ் என்று சொல்லப்படும் மணல் நிலத்தில், ஓயாமல் நீரும் உரமும் கொடுத்து, தர்ப்பூசணியும் புகையிலையும் பயிர் செய்திருக்கிறார்கள். களிமண்ணோ தண்ணீரை விடாது. அதனால்தான் கெடாவில் மூடா சமவெளியின் களி நிலம் நம் நாட்டின் நெற்களஞ்சியம் ஆயிற்று. மணலுக்கு ஏற்ற பயிரைக் களியில் வைத்தால் அழுகும். களிக்கு ஏற்றதை மணலில் வைத்தால் வாடும். குற்றம் மண்ணிலும் இல்லை, பயிரிலும் இல்லை. பொருத்தம் பார்க்காமல் வைத்தவரிடம்தான்.

மண்ணைப் பார்க்க நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. நம் பொந்தியான் மாவட்டத்திலேயே ஒருநாள் பயணத்தில் நான்கு விதமான மண்ணைப் பார்த்துவிடலாம்.

தெற்கே தஞ்சோங் பியாயில் தொடங்குவோம். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி அது. அங்கே இருப்பது உப்புச் சேறு. சேற்றுக்குள் காற்றே கிடையாது. ஆகவே அங்குள்ள அலையாத்தி மரங்கள் மூச்சு விடுவதற்காக வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த மண்ணில் கத்திரிக்காய் வராது. ஆனால் அந்தக் காடு இல்லாவிட்டால் கரை அரிந்துவிடும். மீனும் நண்டும் குஞ்சு வளர்க்க இடமில்லாமல் போகும். அதனால்தான் 2003ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தஞ்சோங் பியாய், கூக்குப் தீவு, பூலாய் ஆறு ஆகிய மூன்றும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. பயிர் செய்யாத மண்ணுக்கும் பயன் உண்டு என்பதற்கு இது சான்று.

அடுத்து, கடலை ஒட்டிய களிமண். கடல் கொண்டுவந்து படிய வைத்தது, சத்துள்ளது. தென்னையும் பாக்கும் காப்பியும் முள்ளுத்தேங்காய் என்று நாம் சொல்லும் செம்பனையும் இதில் நன்றாக வரும். ஜாவாவிலிருந்து வந்தவர்களும் பூகிஸ் மக்களும் கையால் கால்வாய் வெட்டித்தான் இந்த நிலத்தை எடுத்தார்கள். பாரிட் என்றால் கால்வாய். நம் பக்கத்து ஊர்ப் பெயர்களில் பாதி பாரிட் என்று தொடங்குவதை நினைத்துப் பாருங்கள். ஊர் பிறப்பதற்கு முன் கால்வாய் பிறந்திருக்கிறது! 1970களில் மேற்கு ஜொகூர் விவசாய மேம்பாட்டுத் திட்டம் வந்தது. உலக வங்கிக் கடனும் கிடைத்தது. கடல் தடுப்புக் கரைகளும், ஏற்றத்தில் மூடி வற்றத்தில் திறக்கும் நீர்க்கதவுகளும், பெரிய கால்வாய்களும் பெருகின.

மூன்றாவது மண்ணைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, நான்காவதைச் சொல்லிவிடுகிறேன். குனோங் பூலாய் மலையடிவாரம் நோக்கிப் போனால் மண் செம்மஞ்சளாக மாறும். கருங்கல் பாறை மக்கி உண்டான மண். நீர் வடியும், வேர் ஆழமாக இறங்கும். பால்மரத்துக்கும் டுரியானுக்கும் உகந்தது. இந்த வகை மண்ணுக்கு மண்ணியல் அறிஞர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ரெங்கம் மண்! நம் ஜொகூரில் குளுவாங் பக்கத்தில் இருக்கும் அதே ரெங்கம் ஊரின் பெயர்தான். நம் தாத்தா பாட்டிகள் காண்டாவில் பால் சுமந்து நடந்த செம்மண்ணுக்கு நம் ஊர்ப் பெயர் புத்தகத்தில் ஏறியிருப்பது நமக்குப் பெருமை அல்லவா?

இப்போது மூன்றாவது மண்ணுக்கு வருவோம். நம் காலடியில் இருப்பது. மலாய்மொழியில் தானா காம்புட். தமிழில் சதுப்புக் கரிமண் என்று சொல்லலாம். சற்று முன் சொன்ன நூறு பங்குக் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தோட்ட மண்ணில் மக்கு 5 பங்குதான். காம்புட் மண் இயற்கையாக இருக்கும்போது, அதில் எண்பது தொண்ணூறு பங்கு தண்ணீர். மீதி ஏறக்குறைய எல்லாமே இலை, வேர், மரக்கட்டை. கல்லோ மணலோ களியோ தேடினாலும் அகப்படாது. மரம் விழுந்து, தண்ணீரில் மூழ்கி, காற்றுப் படாததால் முழுதாக மக்காமல், ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்த குவியல் அது. மலேசியக் கடலோரத்தில் இது சேரத் தொடங்கிச் சுமார் 5,000 ஆண்டுகள் ஆகின்றன. ஓராண்டில் சேர்ந்தது ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான்.

மலேசியாவில் ஏறத்தாழ 25 லட்சம் ஹெக்டர் காம்புட் நிலம் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பகுதி சரவாக்கில். ஜொகூரில் சுமார் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஹெக்டர். இந்த மண்ணையும் கையால் சோதிக்கலாம். ஒரு பிடி ஈர மண்ணை இறுகப் பிழியுங்கள். தெளிந்த நீர் மட்டும் வந்தால் மக்காத மண். தேத்தண்ணி போல நீர் வந்து நார் கையில் நின்றால் பாதி மக்கியது. சேறே விரலிடுக்கில் பிதுங்கினால் நன்றாக மக்கியது. ஸ்வீடன் நாட்டு அறிஞர் வான் போஸ்ட் இந்தப் பிழியும் முறையை வைத்தே பத்துப் படிகள் வகுத்தார். ஆய்வுக்கூடம் வேண்டாம், கை இருந்தால் போதும்.

இனி என் தவறுக்கு வருகிறேன். "அகல உழுவதைவிட ஆழ உழு" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. வள்ளுவப் பெருந்தகை உழவு அதிகாரத்தில், உழுத புழுதியைக் கால் பங்காகும்படி காய விட்டால் ஒரு பிடி எருவும் இல்லாமலே பயிர் செழிக்கும் என்ற கருத்தைச் சொல்கிறார். இவை காவிரிக் கரைக்கும் கரிசல் காட்டுக்கும் செம்மண் மேட்டுக்கும் பொருந்தும். அம்மாவிடம் நான் கற்றதும் அதுவே. அதைத்தான் இங்கே செய்தேன். ஆழக் கொத்தினேன், காயவும் வைத்தேன்.

ஆனால் காம்புட் மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் மறுபடி நீரை ஏற்காது. கரித்தூள் மாதிரி ஆகிவிடும். என் பாத்தியில் தண்ணீர் உருண்டு ஓடியதற்குக் காரணம் அதுதான். இரண்டாவது, இந்த மண் ஏற்கெனவே பஞ்சு. வேர் பிடிக்க இடமில்லை. அதை இன்னும் கொத்திப் பொலபொலவாக்கினால் செடி எதைப் பிடித்து நிற்கும்? இங்கே செம்பனை நடுமுன் இயந்திரத்தை ஓட்டி நிலத்தை அமுக்குகிறார்கள். உழுகிற வழக்கம் இல்லை. மூன்றாவது, இந்த மண் புளிப்பு. காரகாடி அளவைப் பார்த்தால் பெரும்பாலும் 3க்கும் 4க்கும் இடையில் இருக்கும். செம்பு, துத்தநாகம் போன்ற நுண்சத்துகளும் இதில் குறைவு.

அப்படியானால் வள்ளுவர் சொன்னது தவறா? இல்லை. நீர் தான் சேர்ந்த நிலத்தின் இயல்பை அடைந்து மாறிவிடும் என்று சொன்னவரும் அவர்தான். நம் கால்வாய்த் தண்ணீர் ஏன் தேத்தண்ணி நிறத்தில் ஓடுகிறது என்று கேட்கும் பிள்ளைகளே, அதற்கு விடை அங்கேயே இருக்கிறது. நிலத்தின் இயல்பை முதலில் பார் என்பதே அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். நான் அதைப் பார்க்காமல், எங்கோ கற்ற முறையை இங்கே திணித்தேன்.

ஒரு சனிக்கிழமை அந்தப் பாட்டியம்மாவே பள்ளிக்கு வந்தார். இளவயதில் வெளிக்காட்டில் வேலை செய்தவர். பாத்தியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "இது பச்சைப் புள்ள மாதிரி டீச்சர். ஈரம் போவவும் கூடாது, தண்ணியில கெடக்கவும் கூடாது" என்றார். அவர் சொன்னபடி செய்தோம். வேறு இடத்தில், கொத்தாமல், களையை மட்டும் அறுத்து, மண்ணை மிதித்து இறுக்கிப் பாத்தியை உயர்த்தினோம். விறகுச் சாம்பலும் சுண்ணாம்பும் போட்டுப் புளிப்பைக் குறைத்தோம். மக்கிய கோழி எரு சேர்த்தோம். பாத்தி ஓரத்தில் சின்னக் கால்வாய் வெட்டி, அதில் தண்ணீர் முழுவதும் வடிந்துவிடாமல் பலகை வைத்தோம். முதலில் கங்கோங் கீரையும் மரவள்ளியும் வைத்தோம். பிறகு வெண்டை. வெண்டை நன்றாகவே வந்தது. காய் பறித்த அன்று அந்தக் கடைசி வரிசைப் பையன்தான் கணக்கு எழுதினான்.

இந்த மண்ணுக்கென்றே அமைந்த பயிர் அன்னாசி. தென் அமெரிக்காவில் பிறந்தது. அந்நாட்டுப் பழங்குடி மக்கள் வைத்த பெயரே போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழில் அன்னாசி ஆயிற்று. மலாயில் நனாஸ் ஆயிற்று. புளிப்பு மண்ணை அது பொறுத்துக்கொள்ளும். வேர் ஆழம் போகாது. இலை வாய்க்கால் போல் வளைந்து, மழைநீரையும் பனியையும் அடிக்குக் கொண்டுவரும். பகலில் இலைத் துளையை மூடி, இரவில் திறந்து காற்றை வாங்கிக்கொள்ளும் செடி அது. இதனால் நீர் வீணாவதில்லை. உலகில் மற்ற நாடுகளில் அன்னாசியைப் பெரும்பாலும் கனிம மண்ணில்தான் நடுகிறார்கள். காம்புட் மண்ணில் பெருமளவில் நட்டுக் காட்டியது மலேசியா. ஒரு ஹெக்டரில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகளை நடுவார்கள். பெக்கான் நனாஸ் என்று ஓர் ஊருக்கே பழத்தின் பெயர். அங்கே அன்னாசிக்கு அருங்காட்சியகமும் உண்டு. 1957இல் அன்னாசித் தொழில் வாரியம் அமைக்கப்பட்டது. மார்டி எனப்படும் விவசாய ஆராய்ச்சிக் கழகம் 1996இல் ஜோசபைன் என்ற வகையை வெளியிட்டது. ஜொகூர் என்ற வகையையும் சரவாக் என்ற வகையையும் கலந்து உண்டாக்கியது அது. உதவாத மண் என்று நான் சொன்னேனே, அந்த மண்ணில் விளைந்த பழம்தான் கடல் கடந்து விற்பனைக்குப் போயிருக்கிறது.

பெற்றோர்களே, இனி நான் சொல்லப் போவதைச் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். இந்த மண் நிலையானதன்று. கால்வாய் வெட்டி நீரை வடித்ததும் முதலில் சுருங்குகிறது. பிறகு காற்றுப்பட்டு மக்கி, கரியமில வாயுவாகி வானத்துக்குப் போய்விடுகிறது. மேற்கு ஜொகூரில் ஆண்டுக்கணக்கில் அளந்து 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, நீரை வடித்து இருபத்தெட்டு ஆண்டு கழித்தும் நிலம் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டிருப்பதைக் காட்டியது. 2 சென்டிமீட்டர் என்றால் சுண்டுவிரல் அகலத்துக்குச் சற்றுக் கூடுதல்தானே என்று நினைக்கலாம். பிள்ளைகளே, கணக்குப் போடுங்கள். சேரும்போது ஆண்டுக்கு ஒன்று, இரண்டு மில்லிமீட்டர். இறங்கும்போது இருபது மில்லிமீட்டர். பத்து முதல் இருபது ஆண்டு சேர்த்ததை ஓராண்டில் செலவழிக்கிறோம். எந்தக் குடும்பமாவது இப்படிச் செலவு செய்து தாங்குமா?

நம் பள்ளிக் கட்டடத்தின் வாசற்படியைப் பார்த்திருப்பீர்கள். அலுவலகத்தில் மாட்டியிருக்கும் பழைய புகைப்படத்தில் இரண்டு படி. இன்றைக்கு மூன்று. மூன்றாவது படியைப் பெற்றோர்கள்தான் துப்புரவுப் பணி நாளில் சிமெண்டு போட்டுக் கட்டிக் கொடுத்தீர்கள். முதலாம் ஆண்டுக் குழந்தை ஒன்று என்னிடம், "டீச்சர், நம்ம ஸ்கூல் வளந்துகிட்டே போவுது" என்று சொன்னது. கட்டடம் வளரவில்லை, கண்ணே. அது நீளமான தூண்களில் அடியிலுள்ள களிமண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தரைதான் இறங்குகிறது. தோட்டத்திலே செம்பனை மரங்கள் வேர் தெரியச் சாய்ந்து கிடப்பதும் இதனால்தான்.

நிலம் இப்படியே இறங்கினால் என்ன ஆகும்? ஒரு காலத்தில் கடல் மட்டத்துக்கும் கீழே போய்விடும். அப்போது நீர்க்கதவைத் திறந்தாலும் நீர் தானாக வெளியேறாது. பம்பு வைத்து இறைக்க வேண்டும். சில இடங்களில் காம்புட்டுக்கு அடியிலுள்ள களிமண்ணில் கந்தகம் கலந்த கனிமம் இருக்கிறது. மேலே மூடியிருக்கும் மண் போய், அது காற்றுப்பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். அன்னாசி கூட அங்கே திணறும். நம் பேரப்பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்வது அதுவாக இருக்கக் கூடாது.

இதைவிட விரைவாக மண்ணை அழிப்பது தீ. காய்ந்த காம்புட் விறகுக்குச் சமம். மேலே அணைந்ததாகத் தெரியும். அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். 2013ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சுமத்திராவில் காடும் காம்புட் நிலமும் எரிந்த புகை கடல் தாண்டி வந்தது. அப்போது பள்ளிகளை மூடினார்கள். பிள்ளைகள் மூச்சுத் திணறியதைப் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உலக நிலப்பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்குதான் இத்தகைய நிலம். ஆனால் உலகத்துக் காடுகளின் மரஞ்செடிகள் எல்லாம் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகமான கரி இதில் அடங்கியிருக்கிறது. அதை எரித்தால் புகை நமக்கு, வெப்பம் உலகத்துக்கு.

அதற்காகப் பயிரே செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த மண்ணில் உழைத்துத்தான் நாம் சாப்பிடுகிறோம். இயல்பறிந்து செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பெரிய தோட்டங்களில் இப்போது கால்வாய்க்குத் தடுப்பு வைத்து, நிலத்தடி நீரைத் தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டருக்குக் கீழே போகாமல் காக்கச் சொல்கிறார்கள். அந்தப் பாட்டியம்மா பலகை வைக்கச் சொன்னதும் இதே காரணத்துக்குத்தான். வீட்டிலும் நாம் செய்யக்கூடியவை உண்டு. குப்பையையும் சருகையும் கொளுத்தாமல் மக்க வைத்து எருவாக்கலாம். மண்ணை வெறுமனே வெயிலில் கிடக்க விடாமல் தழையால் மூடலாம். சிகரெட்டுத் துண்டைக் காய்ந்த புல்லில் வீசாதிருக்கலாம். கால்வாயை வறட்சி நாளில் வெட்டி ஆழப்படுத்தாதிருக்கலாம். காசு செலவில்லாத காரியங்கள் இவை.

சென்ற மாதம் ஆறாம் ஆண்டு மாணவர்களும் மூன்று தந்தைமார்களும் சேர்ந்து பள்ளித் தோட்டத்தில் ஓர் இரும்புக் குழாயை இறக்கினோம். மூன்று மீட்டர்க் குழாய். அடியில் களிமண்ணைப் பிடித்து உறுதியாக நிற்கிறது. இன்றைய தரை மட்டத்தில் அதன்மேல் சிவப்புச் சாயத்தால் கோடு போட்டிருக்கிறோம். இனி ஒவ்வொரு பரிசளிப்பு விழா அன்றும், விழா தொடங்குவதற்கு முன், ஒரு மாணவர் அந்தக் கோட்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, நாளேட்டில் எழுதி, இந்த மேடையில் வாசிக்க வேண்டும். கோடு மேலே போகாமல் நிற்குமானால் நாம் மண்ணைக் காத்தோம் என்று பொருள். போகுமானால், எவ்வளவு இழந்தோம் என்பதையாவது அறிந்திருப்போம். அளக்காமல் விட்ட நஷ்டத்தை யாரும் திருப்ப முடியாது.

இறுதியாக ஒரு சொல். ஐக்கிய நாடுகள் சபை டிசம்பர் 5ஆம் நாளை உலக மண் நாளாக அறிவித்து, 2014 முதல் அது கொண்டாடப்படுகிறது. அந்த நாளில் நம் பள்ளியிலும் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு மண் ஒரு பிடி கொண்டுவந்து சோதிக்கலாம் என்பது என் யோசனை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆதரவு தர வேண்டும்.

இன்று பரிசு பெறும் மாணவர்களுக்கு என் வாழ்த்துகள். பரிசு பெறாத மாணவர்களே, உங்களிடம் நான் ஒரு மன்னிப்பைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மண்ணைச் சோதிக்காமல் உதவாது என்று சொன்ன நான், பிள்ளைகளையும் ஒரு சோதனைத் தாளை மட்டும் வைத்து அப்படி எடை போட்டிருக்கிறேன். அன்றைக்கு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்ற பையன் எனக்கு அதை உணர்த்தினான். ஆசிரியர்களும் பெற்றோர்களும் பிள்ளையின் இயல்பறிந்து வளர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அதோ மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டியம்மாவுக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன்.